வீன்ஹவுசன்: பலகை இடுக்கில் விழுந்தவை

முதல் நாள், வெள்ளி

ஹனோவரிலிருந்து செல்லேவுக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. எங்களுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. ஒரு ரயில் ரத்து. அடுத்தது நடுவழியில் வயலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டது. துணைக்கு வந்திருப்பவள் ஹனோவரில் படிக்கும் என் அக்கா மகள். "சித்தி, ஜெர்மனியில எல்லாம் டயத்துக்கு நடக்கும்னு ஊர்ல போய்ச் சொல்லிடாதீங்க" என்றாள்.

செல்லே என்று நான் எழுதுகிறேன். அவர்கள் சொல்லும்போது அது ‘ட்செல்ல’ என்று காதில் விழுகிறது. மரச்சட்டம் அடித்து இடைவெளியைச் செங்கல்லாலும் மண்ணாலும் நிரப்பிய பழைய வீடுகள் இந்த ஊரில் 400க்கு மேல் இருக்கின்றன. உத்தரங்களில் கட்டியவர் பெயர், வருடம், ஒரு பைபிள் வசனம் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். அழகான ஊர்தான். ஆனால் நான் வந்தது இதற்கில்லை.

முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். பிறந்து வளர்ந்தது சாந்தோமில். எப்போதோ ஒரு படம் கண்ணில் பட்டது: சுமார் 1380இல் ஜெர்மனியில் கன்னியர் மடம் ஒன்றில் கம்பளி நூலால் தைத்த பெரிய துணி. அதில் புனித தோமா இந்தியாவுக்குப் புறப்பட்டு வரும் கதை. நம் தெருப் பக்கத்துத் தோமையார் அங்கே எப்படிப் போனார் என்று அன்றைக்குப் பிடித்த அரிப்பு, இத்தனை வருடம் கழித்து விமானம் ஏற்றிவிட்டது. அந்த மடம் இங்கிருந்து 10, 12 கிலோமீட்டர் தூரத்தில், வீன்ஹவுசன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது.

மாலையில் செல்லே கோட்டையைச் சுற்றி ஒரு நடை. லூனபுர்க் பிரபுக்களின் அரண்மனை இது. அவர்களில் எர்ன்ஸ்ட் என்பவர் விட்டன்பர்க்கில் படித்தவர், கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய லூத்தர் பக்கம் சேர்ந்தவர், 1530இல் லூத்தரன்களின் அடிப்படை ஆவணமான அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். ஊருக்கு அவர் பெரிய மனிதர். நாளை பார்க்கப்போகும் இடத்தின் கணக்கில் அவர் வில்லன்.

இரண்டாம் நாள், சனி

தங்கிய இடத்திலேயே வாடகை சைக்கிள் கிடைத்தது. ஆல்லர் ஆற்றோரம் சைக்கிள் பாதை போகிறது. ஆறு என்றால் நம் காவிரி மாதிரி நினைக்கக் கூடாது. புல்வெளிக்கு நடுவே நெளிந்து நெளிந்து, அவசரமே இல்லாமல் போகும் தண்ணீர். படம் எடுக்க ஓரிடத்தில் இறங்கினேன். கொசு மொய்த்துவிட்டது. முழங்கைக்குக் கீழே எட்டுத் தடிப்பு.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மடத்தின் பூர்வ கதையே பூச்சிக்கடியில்தான் தொடங்குகிறது. மடத்தை நிறுவியவர் ஆக்னஸ் என்ற சீமாட்டி. ‘சிங்கம்’ என்று பட்டப்பெயர் வாங்கிய ஹைன்ரிஹ் பிரபுவின் மருமகள். முதலில் நீன்ஹாகன் என்ற இடத்தில்தான் கன்னியரைக் குடியமர்த்தினாராம். சதுப்பு நிலம், கெட்ட காற்று, பூச்சித் தொல்லை. தாங்க முடியாமல் வீன்ஹவுசனுக்கு இடம் மாற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1233இல் ஹில்டஸ்ஹைம் ஆயர் மடத்தை உறுதிசெய்து சாசனம் கொடுத்தார். கொசுவுக்குப் பயந்து ஆற்றங்கரைக்கே வந்தார்களா என்று என் கை கேட்டது.

இந்தக் கன்னியர் பின்பற்றிய சிஸ்டர்சியன் துறவுச் சபை பற்றி இரண்டு வார்த்தை. 1098இல் பிரான்சில் சீத்தோ என்ற இடத்தில், இருக்கிற துறவு போதாது, இன்னும் எளிமையாக வாழ வேண்டும் என்று கிளம்பியவர்கள் இவர்கள். சாயமிடாத கம்பளி அங்கி, உடல் உழைப்பு, அலங்காரம் இல்லாத கோயில். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக இந்த நெறியைத் தேடி வர, ஆண்கள் நடத்திய தலைமைச் சபை மிரண்டுபோனது. இனிமேல் பெண்கள் மடங்களைச் சேர்ப்பதில்லை என்று 1228இல் தீர்மானமே போட்டார்கள். வீன்ஹவுசன் கன்னியர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சபையில் முறைப்படிச் சேராமலே, ஆயரின் மேற்பார்வையில், சிஸ்டர்சியன் வழக்கப்படி வாழ ஆரம்பித்துவிட்டார்கள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், நாங்கள் இப்படித்தான் இருப்போம்! எனக்கு இந்தப் பெண்களைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

மடத்தைத் தூரத்திலேயே அடையாளம் தெரிகிறது. படிப்படியாக ஏறி இறங்கும் முகப்பு, முழுக்கச் செங்கல். இந்தப் பக்கத்தில் கல் கிடைக்காது, களிமண்தான். அதனால் கூர்வளைவு வைத்துக் கட்டும் கோதிக் பாணி என்றாலும் செங்கல்லில்தான்.

உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. கூட்டமாகச் சேர்த்து, மடத்தில் வாழும் பெண்களே சுற்றிக் காட்டுகிறார்கள். எங்களுக்கு வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சாதாரண ஸ்வெட்டர், கழுத்தில் சாவிக் கொத்து. "கன்னியாஸ்திரி எங்கே?" என்று நான் தேடினேன். அக்கா மகள் காதோடு சொன்னாள்: "இவங்கதான் சித்தி. ஆனா கன்னியாஸ்திரி இல்லை." மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இது லூத்தரன் பெண்கள் சமூகம். கல்யாணம் ஆகாதவர்கள், கணவனை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் வந்து சேரலாம். வாழ்நாள் சபதம் கிடையாது. லூனபுர்க் வட்டாரத்தில் இப்படி ஆறு மடங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஹனோவரில் 1818இல் ஏற்பட்ட அறநிலைய நிர்வாகம் அவற்றைக் கவனிக்கிறது. ஆக, 1233 கணக்கை வைத்துப் பார்த்தால் சுமார் 790 வருடங்களாக இந்த வீட்டில் பெண்கள் இடைவிடாமல் குடியிருக்கிறார்கள்.

நடைகூடம் நீளமாகப் போகிறது. சுவரோரம் வரிசையாகப் பெட்டிகள். கனமான ஓக் மரம், இரும்புப் பட்டை, பூட்டு. மடத்துக்கு வரும் பெண் தன் சாமான்களைக் கொண்டுவந்த பெட்டி. சீர்ப் பெட்டி என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. மாப்பிள்ளை மட்டும் வேறு. ஒன்றின் மூடி விளிம்பு, திறக்கக் கை வைக்கும் இடத்தில் மட்டும், தேய்ந்து பள்ளமாகியிருந்தது. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களே.

அப்புறம் மாடியில் கன்னியர் பாடும் கூடம். கதவைத் திறந்ததும் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினோம். தரையிலிருந்து வளைவுக் கூரை உச்சி வரை ஓர் அங்குலம் விடாமல் ஓவியம். சுமார் 1335இல் வரைந்தது. சுவரில் பழைய ஏற்பாடு, கூரையில் இயேசுவின் வாழ்க்கை, நடுவில் கொடிகள், இலைகள், தேவதூதர்கள், விண்ணக எருசலேம். அலங்காரமே வேண்டாம் என்று புறப்பட்ட சபையின் வழக்கத்தைப் பின்பற்றியவர்கள் செய்த வேலை இது! 1488இல் இந்த ஓவியங்களைப் புதுப்பித்தவர்கள் மூன்று கன்னியர் என்று மடத்துக் குறிப்பு சொல்கிறதாம். மூன்று பேர் பெயரும் கெர்ட்ரூட். சாரத்தில் ஏறி நின்று "கெர்ட்ரூட், சிவப்பை எடு" என்றால் யார் எடுத்திருப்பார்கள்?

ஒட்டியிருக்கும் கோயிலில் ஊர் மக்கள் கூடுவார்கள். அவர்களுக்கு மாடியிலிருந்து பாட்டு மட்டும் கேட்கும். பாடுகிறவர்கள் கண்ணில் பட மாட்டார்கள்.

இந்தக் கூடத்தின் தரைதான் இந்தப் பதிவின் தலைப்பு. 1953இல் பழுதுபார்ப்பதற்காக, கன்னியர் உட்காரும் மர இருக்கைகளின் அடியில் இருந்த ஓக் பலகைகளைக் கழற்றினார்கள். கீழே பல நூற்றாண்டுத் தூசி. தூசிக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன சாமான்கள்: உள்ளங்கை அளவு சாமி படங்கள், ஜெபம் எழுதிய துண்டுத் தாள்கள், மெழுகு பூசிய எழுத்துப் பலகைகள், யாத்திரைக்குப் போனவர்கள் வாங்கிவந்த வில்லைகள், கத்தி, ஊசி. பகலில் ஏழு வேளை, நடுராத்திரியில் ஒரு வேளை ஜெபம். மெழுகுவத்தி வெளிச்சம், அரைத்தூக்கம், குளிரில் விறைத்த விரல்கள். கைநழுவியது பலகை இடுக்கில் போய்விடும். சிலவற்றை ஒளித்தும் வைத்திருக்கலாம்.

அவற்றோடு மூக்குக் கண்ணாடியும் கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கண்ணாடிகளில் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். குனிந்தேன், தெரியவில்லை, கைப்பையிலிருந்து என் ரீடிங் கிளாஸை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். மரத்தில் கடைந்த இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் குட்டையாக ஒரு காம்பு, இரண்டு காம்புகளும் சேரும் இடத்தில் ஓர் ஆணி. அவ்வளவுதான். காதில் மாட்டும் கம்பி கிடையாது. கத்தரிக்கோல் மாதிரி விரித்து மூக்கில் கவ்வ வைக்க வேண்டும், அல்லது கையில் பிடிக்க வேண்டும். தும்மினால் போச்சு. இத்தாலியில் மூக்குக் கண்ணாடி கண்டுபிடித்தே அப்போது நூறு வருடம் ஆகியிருக்காது. அதற்குள் இந்தக் கிராமத்தில் நாற்பது வயது தாண்டிய ஒருத்தி, ஊசியில் நூல் கோக்கவோ ஜெபப் புத்தகம் படிக்கவோ, இதை மூக்கில் வைத்திருக்கிறாள். அது தொலைந்த அன்றைக்கு எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்!

இன்னோர் அறையில் இயேசுவின் கல்லறை. மரப்பேழைக்குள் ஆளுயரத்துக்கு உடல் கிடக்கிறது. பேழையை 1448இல் செய்துவைத்தவர் அப்போதைய மடத்துத் தலைவி காத்தரீனா. ஹோயா பிரபு வம்சத்துப் பெண். இவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1469இல் மடங்களைத் திருத்துகிறோம் என்று யோஹன்னஸ் புஷ் என்ற துறவி, பிரபுவின் துணையோடு வந்து இறங்கினார். தனி உடைமை கூடாது, தனியாகச் சாப்பிடக் கூடாது, பழைய விதி அப்படியே திரும்ப வேண்டும். காத்தரீனா மறுத்தார். அவரை வண்டியில் ஏற்றி வேறு மடத்துக்கு அனுப்பிவிட்டு, டெர்னபுர்க் மடத்திலிருந்து சுசானா போட்ஸ்டாக் என்பவரைத் தலைவியாகக் கொண்டுவந்தார்கள். புஷ் எழுதிவைத்த நூலில் இதெல்லாம் பெரிய சாதனையாக வருகிறது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர் எழுதியது எதுவும் என் கையில் கிடைக்கவில்லை. இங்கே அவர் செய்துவைத்த பேழை இருக்கிறது.

அறுபது வருடம் கழித்து நேற்று சொன்ன எர்ன்ஸ்ட். கன்னியர் லூத்தரன் போதனையை ஏற்க மறுத்ததும், சொத்து நிர்வாகத்தைப் பிடுங்கிக்கொண்டார். மடத்துச் சிற்றாலயங்கள் சிலவற்றை இடித்தார். ஆனால் பெண்கள் அசையவில்லை. அவர் 1546இல் போய்ச் சேர்ந்தார். முதல் லூத்தரன் தலைவி இங்கே பதவிக்கு வந்தது 1587இல்தான். அதற்குப் பிறகும் பழைய சிஸ்டர்சியன் அங்கியை 17ஆம் நூற்றாண்டு வரை கழற்றவில்லை. பிரபுக்கள் வந்தார்கள், போனார்கள். அங்கி அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது மழை. சைக்கிளில் நனைந்துகொண்டே வந்தோம். கொசு இல்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு

நேற்று துணிகளை அவசரமாகப் பார்த்தது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் மறுபடியும் டிக்கெட். ஞாயிறு காலையில் கோயில் ஆராதனை. அது முடிந்துதான் விடுகிறார்கள்.

முன்பெல்லாம் இந்தத் தொங்கு துணிகளை வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான், தூய ஆவி திருவிழாவை ஒட்டி, வெளியே எடுத்துக் காட்டுவார்களாம். இப்போது அவற்றுக்கென்று தனி அருங்காட்சியகம். உள்ளே குளிர், இருட்டு. கண் பழக ஐந்து நிமிடம் ஆகிறது.

பிறகுதான் நிறம் வருகிறது. நீலம், சிவப்பு, மஞ்சள், பச்சை. எழுநூறு வருடத்துச் சாயம். நீலத்துக்கு நம் அவுரி இல்லை, ஐரோப்பாவில் வளரும் வேறொரு செடி. சிவப்புக்கு மஞ்சிட்டியின் உறவுக்காரச் செடியின் வேர். நெய்தது என்றே முதலில் நினைப்பீர்கள். இல்லை, அத்தனையும் ஊசி வேலை. அடித்துணி லினன். அதன்மேல் கம்பளி நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளமாகக் கிடத்தி, அதே நூலாலேயே திரும்பி வரும்போது சாய்வாகக் குத்தி அமுக்கிக்கொண்டு வர வேண்டும். ஜெர்மனியில் இதன் பெயரே ‘மடத் தையல்’. நம் வகுப்பில் சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று சொல்லிக்கொடுத்துப் பழகிய எனக்கு, அடித்துணி கொஞ்சம்கூடத் தெரியாமல் நாலு மீட்டர் அகலத்துக்கு நிரப்பியிருப்பதைப் பார்த்து விரல் வலித்தது.

மிகப் பழையது சுமார் 1300இல் தைத்த டிரிஸ்டன் துணி. டிரிஸ்டனும் இசோல்டும் யாரென்றால்: மாமாவுக்கு மனைவியாகப் போகிற பெண்ணை அழைத்து வரப் போன மருமகன், வழியில் இருவரும் தெரியாமல் காதல் மருந்தைக் குடித்துவிட, அதன்பின் ஒளிவுமறைவான காதல். இது கன்னியர் மடத்தில்! ஒன்றல்ல, மூன்று துணிகள் இதே கதையில். விளக்கம் நிறையச் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றியது எளிது: இவர்கள் பிரபு வீட்டுப் பெண்கள். பாட்டி மடியில் கேட்ட கதையை மடத்துக்கு வந்தால் மறந்துவிட வேண்டுமா? 1934இல் இந்த மடத்தில் ஒரு சிறிய பாட்டுப் புத்தகமும் கிடைத்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. லத்தீன், ஜெர்மன் பக்திப் பாடல்களுக்கு நடுவே ‘பறவைக் கல்யாணம்’ என்ற வேடிக்கைப் பாட்டு. அதை இன்றும் ஜெர்மன் மழலையர் பள்ளிகளில் பாடுகிறார்கள். அக்கா மகள் பகுதிநேரமாகக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். "அட, இதுவா? எனக்கே தெரியுமே!" என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு பெட்டியில் சிலைகளுக்குத் தைத்த ஆடைகள். மாதாவுக்கும் பாலனுக்கும் குட்டி அங்கி. வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்திப் பார்த்தவளுக்கு இதில் என்ன ஆச்சரியம்? ஆச்சரியம் உள்மடிப்பில். துணி விறைப்பாக நிற்க, பழைய கையெழுத்துச் சுவடிகளின் தோல் தாளை நறுக்கி விளிம்பில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். நான் சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் போல. பழசானதும் புத்தகம் பாவாடைக்குள் போய்விட்டது. சுவடி ஆராய்ச்சிக்காரர்களுக்கு இது புதையல். எனக்கு, ஒரு தையல்காரி கையில் கிடைத்ததை வீணாக்காத கதை.

கடைசியாகத் தோமா.

கதை இப்படி. இந்திய அரசன் குண்டபோரஸ் ஓர் அரண்மனை கட்ட ஆள் தேடுகிறான். அவனுடைய வணிகனோடு தோமா கப்பலேறுகிறார். வழியில் ஓர் ஊரில் அரசகுமாரியின் கல்யாண விருந்து. பரிமாறுகிறவன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். அறைந்த கையைக் கடைசியில் ஒரு நாய் கவ்விக்கொண்டு வருகிறது. பிறகு அரசன் கட்டடச் செலவுக்குப் பணம் தருகிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே? மேலே, விண்ணுலகில். அரசன் சிறையில் போடுகிறான். அப்போது அரசனின் தம்பி இறந்துபோய், அந்த அரண்மனையை மேலே கண்டு, உயிர்த்து வந்து சாட்சி சொல்கிறான்.

துணியில் குண்டபோரஸ் பார்ப்பதற்கு அசல் செல்லே பிரபு. அதே கிரீடம், அதே அங்கி. தைத்தவர்கள் செல்லேவையே தாண்டியிருக்க மாட்டார்கள். இந்தியாவை எங்கே கண்டார்கள்? சாந்தோமைத் தேடி வந்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கடற்கரை இல்லை, சின்னமலை இல்லை. நியாயமாகப் பார்த்தால் இருக்கவும் கூடாது. குண்டபோரஸ் கற்பனை ஆள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன, ஆனால் வடமேற்கில், காபூல், பஞ்சாப் பக்கம். மயிலாப்பூரில் தோமா உயிர் விட்டார் என்பது தனி மரபு. அவர் கல்லறையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். போலோ ஊர் திரும்பியது, டிரிஸ்டன் துணியில் ஊசி ஏறிய காலத்தை ஒட்டித்தான்.

ஒரு குறை. தையல்காரி எந்த வேலையைப் பார்த்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். கை சுத்தம் அங்கேதான் தெரியும். இங்கே கண்ணாடி. பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாவிக் கொத்து அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, தானும் பார்த்ததில்லை என்றார்.

நான்காம் நாள், திங்கள்

திங்கள்கிழமை மடம் கிடையாது. கொசு விரட்டிய நீன்ஹாகனைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினோம். பழைய மடத்தின் ஒரு செங்கல்லைக்கூடக் காணவில்லை. சுத்தமான தெருக்கள், வெட்டிவிட்ட புல்தரை, ஒரு பேக்கரி. அந்தச் சதுப்பு நிலத்தடியில் எண்ணெய் இருந்ததும், 1930களில் இது ஜெர்மனியின் முக்கியமான பெட்ரோலிய ஊர்களில் ஒன்றாக இருந்ததும் அக்கா மகள் போனில் பார்த்துச் சொன்ன செய்தி. "அவசரப்பட்டுக் காலி பண்ணிட்டாங்க சித்தி."

செல்லேவுக்குத் திரும்பி, கம்பளி நூல் கடையில் நீலமும் சிவப்பும் கொஞ்சம் வாங்கினேன். லினன் துண்டு ஒன்று, மழுங்கிய ஊசி ஒன்று. ஹனோவர் ரயில் 40 நிமிடம் தாமதம் என்று பலகையில் ஓடியது. நல்லதாகப் போயிற்று. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, நூலைக் கிடத்தி, சாய்வாகக் குத்தி, மறுபடி கிடத்தி, இரண்டு அங்குலம் முடிந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும். கம்பளி கிட்டத்தட்ட மொத்தமும் முன்பக்கத்தில்தான் கிடக்கிறது. ஆட்டு மயிரைக் கழுவி, நூற்று, சாயம் போட்டவர்களுக்குத்தான் ஒரு முழம் நூலின் விலை தெரியும்.

"சித்தி, ரயில் வந்துடுச்சு, ஊசியைப் பத்திரமா வைங்க" என்றாள். குத்திவைக்கப் பெஞ்சில் துணியைத் தேடினேன். ஊசி ஏற்கெனவே காணாமல் போயிருந்தது.